வலது பக்க ஸ்டீயரிங்

இந்த வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குள் ஒரு காரியத்தை முடித்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். என் காரை நான்தான் ஓட்டுகிறேன் என்பதைக் காரைக்கால் ஜனங்கள் நம்ப வேண்டும்.

சிரிக்காதீர்கள். பட்டவனுக்குத்தான் வலி தெரியும்.

என்னுடையது அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். இங்கே சாவியைத் திருப்பினால் நெடுங்காட்டில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்த என் மாமனார், திரும்பி வரும்போது அதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரே மகளுக்கு என்று கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். எல்லாம் சரி. அமெரிக்காக்காரன் ஸ்டீயரிங்கை இடது பக்கம் வைத்திருந்தான். அங்கேதான் என் மானம் கப்பலேறியது.

நம் ஊரில் டிரைவர் என்றால் வலது பக்கம். நானோ இடது பக்கம் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருப்பேன். வலது பக்கம் என் மனைவி அற்புதம் ஜம்மென்று முறுக்கு தின்றுகொண்டு வருவாள். எதிரே வருகிறவன் அவளைப் பார்த்து ஒதுங்குவான். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் அவளைப் பார்த்துக் கை காட்டுவார். மண்டபத்தூரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைப் பிளப்பார்கள்.

"அந்தம்மா என்னாமா ஓட்டுது பாரு! ஒரு கையில முறுக்கு வேற!"

"பக்கத்துல யாருடி?"

"வூட்டுக்காரராம். பாவம், ஓட்டத் தெரியாது போலருக்கு."

உண்மையில் அற்புதத்துக்கு ஓட்ட ஆசை இருந்தது. கார் வந்த புதிதில் கோவில் சாமியார் வந்து மந்திரித்தார். நான் இடது பக்கம், அவள் வலது பக்கம் உட்கார்ந்திருந்தோம். தீர்த்தம் தெளித்து முடித்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா? சைகோன்ல அப்பா வண்டிய ஓட்டிருக்கேன்." பெண்டாட்டி ஓட்ட, நான் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்காருவதா? அந்த இடத்திலேயே ஒரு சட்டம் போட்டேன். "மந்திரிச்சப்ப யார் எங்க உக்காந்தாங்களோ அந்த எடத்த மாத்தவே கூடாது. மாதா கோவிச்சுக்குவாங்க." சாமியார் லேசாக இருமினார். அற்புதம் பக்தியோடு தலையாட்டிவிட்டுத் தன் ஜெபமாலையைத் தனக்கு நேரே தொங்கவிட்டாள். சட்டம் அமலுக்கு வந்தது.

போன வருஷம் டெல்லியில் ஆட்சியே மாறிவிட்டது. என் காரில் ஒரு ஸ்டீயரிங் மாறக்கூடாதா? அற்புதத்தையும் ஏற்றிக்கொண்டு காஜா மைதீன் பட்டறைக்குப் போனேன். காஜா காருக்கு அடியில் போய், முனகிக்கொண்டே வெளியே வந்தார்.

"சூசை அண்ணே, முன் ஸ்பிரிங்கு ரெண்டும் உக்காந்துடுச்சு. குலுக்கத்தத் தாங்குற ஷாக்கு ரெண்டும் செத்துப்போச்சு. மொதல்ல அதப் பாக்கணும். அடுத்து சக்கரத்தத் திருப்புற டை ராடு, ஆட்டம் குடுக்குது. மத்ததெல்லாம் பொறவு."

"மொதல்ல ஸ்டீயரிங்க வலது பக்கம் மாத்து."

காஜா கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

"அண்ணே, கட்டிலு காலு ஒடஞ்சு கெடக்கு. நீங்க தலகாணி உறை மாத்தச் சொல்றீங்க."

அதுவரை பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்த அற்புதம் பதறிப்போய் எழுந்தாள். "ஐயையோ, ஸ்டீயரிங்க மட்டும் தொடாதீங்க! விழிதியூர் ரோட்டுல போனா என் தலை கூரையில இடிக்குது. ஸ்பிரிங்க மாத்துங்க, போதும். ஸ்டீயரிங்கு எங்கப்பா விட்டுட்டுப் போன எடத்துலயே இருக்கட்டும்."

எனக்கு ஒரு கொள்கை உண்டு. அவள் வேண்டாம் என்றால் அதில் எனக்கு ஏதோ லாபம் இருக்கிறது.

"ஸ்டீயரிங், பிரேக்கு, கிளட்சு, எல்லாம் வலது பக்கம் வரணும். திருவிழாவுக்குள்ள!"

காஜா பெருமூச்சு விட்டார். "சரிண்ணே. டை ராடையும் அதோட பாத்துடுறேன். ஆனா ஸ்பிரிங்கும் ஷாக்கும் மெட்ராசுல இப்ப ஒத்தப் பக்கத்துக்குத்தான் கெடைக்கும். இன்னொண்ணு தீவாளிக்குத்தான் வரும். ரெண்டும் வரட்டும், சேத்துப் போடுவோம். ஒரு பக்கம் மட்டும் போட்டா வண்டி சாஞ்சு நிக்கும்."

"சாஞ்சா சாயட்டும். வலது பக்கம் போடு. ஓட்டுறவனுக்கு முதுகுதான்யா முக்கியம்."

"அப்ப என் முதுகு?" என்றாள் அற்புதம்.

"நீ சும்மா உக்காந்து வரப்போற. உனக்கென்ன?"

"சரிங்க" என்றாள்.

கல்யாணமான ஆண்களே, இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவி வாதாடிக்கொண்டிருக்கும்வரை நமக்குப் பயமில்லை. அவள் 'சரிங்க' என்று அடங்கினால் அன்றைக்கு உஷாராக இருங்கள். நான் உஷாராக இல்லை. சந்தோஷமாக விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திருவிழா அன்று காலையில் காஜாவே காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வலது பக்கம் கம்பீரமாக நிமிர்ந்து, இடது பக்கம் பல்வலிக்காரன் கன்னம் போல் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வலது பக்கம் ஸ்டீயரிங்! புதுச் சட்டை, கூலிங் கிளாஸ் சகிதம் மாப்பிள்ளை மாதிரி வலது பக்கக் கதவைத் திறந்தேன்.

உள்ளே அற்புதம் உட்கார்ந்திருந்தாள். ஜெபமாலையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். சாவி அதன் இடத்தில் தொங்கியது.

"எறங்கு" என்றேன்.

"எதுக்குங்க?"

"நான் ஓட்டணும்."

"தாராளமா ஓட்டுங்க. உங்க எடத்துல போய் உக்காந்து ஓட்டுங்க."

"அங்க ஸ்டீயரிங் இல்லையே!"

"அத மாத்துனது நானா? தொடாதீங்க தொடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"சரி, நீ அந்தப் பக்கம் போய் உக்காரு."

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ! மந்திரிச்ச எடத்த மாத்துனா மாதா கோவிச்சுக்குவாங்கன்னு சாமியார் முன்னாடி சொன்னது யாருங்க? அவுங்க திருவிழாவுக்கே போறோம். இன்னைக்குப் போயி மாத்துறதா?"

என் சட்டம் என்னையே முறைத்துப் பார்த்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"லைசென்ஸ்? அது இருக்கா உங்கிட்ட?"

"நீங்க ஆபீஸ் வேலையா மாகே போயிருந்தீங்கள்ல, அப்பவே வாங்கிட்டேன். காஜா தம்பி அம்பாசடர்லதான் ஓட்டிக் காட்டுனேன்."

காஜாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவசரமாகப் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். "அக்கா பிரமாதமா ஓட்டுவாங்கண்ணே" என்று குரல் மட்டும் வந்தது.

"அப்ப ஸ்டீயரிங்க மாத்தாதீங்கன்னு ஏன்டி அந்தக் கத்து கத்துன?"

"மாத்துங்கன்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பீங்களா?" என்றாள். சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

போய் இடது பக்கம் உட்கார்ந்தேன். எப்போதும் உட்காரும் அதே சீட். பழக்கத்தில் பிரேக்கைத் தேடி மிதித்தேன். கால் புளிசாதத் தூக்குச் சட்டியில் இடித்தது.

பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே ஓட்டினாள். சந்து திரும்பும்போது நான் போடும் கூச்சல் அவளிடம் இல்லை. எட்டு சிலிண்டரும் அவள் காலடியில் பூனைக்குட்டி மாதிரி உறுமின. கண் மினுங்க, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இத்தனை நாள் இவளை ஓட்டவிடாமல் வைத்திருந்தேனே என்று ஒரு நிமிஷம் மனசு இளகியது. அதற்குள் ஒரு பள்ளம் வந்தது. அவள் பக்கம் புது ஸ்பிரிங், தொட்டில் மாதிரி அசைந்தது. என் பக்கம் நான் கூரைவரை போய்த் திரும்பி வந்தேன். கூலிங் கிளாஸ் பின் சீட்டுக்குப் போய்விட்டது.

நாற்சந்தியில் சிவப்புத் தொப்பிக்காரர் வழக்கம்போல் அவளைப் பார்த்துக் கை காட்டிக் காரை நிறுத்தினார். ஓரத்தில் மீன் கூடைகளோடு அதே பெண்கள் நின்றார்கள். ஊரே அதிர்ந்து போகும் என்று வெட்கத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒருத்திகூட ஆச்சரியப்படவில்லை.

"அந்தம்மா என்னைக்கும் போலதான்டி ஓட்டுது. அந்தாளத்தான் இன்னைக்கு வண்டி ரொம்பத் தூக்கித் தூக்கிப் போடுது!"