புளியந்தோப்பில் 'கூட்டிக்கிட்டு வா' டீச்சர்

சூளகிரி வட்டாரத்தில் எங்கள் டீச்சரிடம் 'முடியாது' என்று சொல்லி ஜெயித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. சொன்னவர்கள் எல்லாம் கடைசியில், 'எப்ப வரணும்?' என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்கள். அவருடைய பெயர் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊருக்கு அவர் 'கூட்டிக்கிட்டு வா டீச்சர்'.

ஐம்பதுகளில் ஒரு கோடை விடுமுறை. பெண் பிள்ளைகளுக்குப் புளியந்தோப்பில் ஒரு வார முகாம் என்று டீச்சர் அறிவித்தார். விளையாட்டு, பாட்டு, முதலுதவிப் பயிற்சி. சாப்பாடும் படுக்கையும் அங்கேயே. முகாம் என்றால் பட்டாளம் தங்குவது என்று நினைத்திருந்த ஊர் மிரண்டுபோனது. எனக்கோ ஆசையில் சோறு இறங்கவில்லை.

டீச்சர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா தலையைச் சொறிந்தார்.

"நல்ல விசயந்தாங்க டீச்சரம்மா. ஆடுங்கள யாரு மேய்க்கறது?"

"கூட்டிக்கிட்டு வரட்டும். தோப்புல மேயாதா?"

"இவ தம்பி இருக்கறான். நாங்க ரெண்டு பேரும் கூலிக்குப் போயிட்டா அவன யாரு பாக்கறது?"

"அவனையும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

அப்பா கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எருமை ஒண்ணு இருக்குதுங்க" என்றார், குரல் இறங்கி.

"வரட்டும். குட்டையில கெடக்கும்."

தெலுங்கு வீடுகளில் தெலுங்கிலும், கன்னட வீடுகளில் கன்னடத்திலும் இதே பதில்தான். முகாம் தொடங்கிய அன்று தோப்பில் எங்களைவிட மற்ற ஜீவராசிகளே அதிகம். கிளைக்குக் கிளை சேலைத் தூளி. முதலுதவி வகுப்பில் கட்டுப் போட்டுப் பழகக் கைகால் போதவில்லை என்று ஆடுகளைப் பிடித்தோம். வெள்ளைத் துணிக் கட்டுகளோடு மேய்ந்த மந்தையைப் பார்த்துவிட்டு, சிறுத்தை இறங்கி ஆடுகளைக் கடித்துவிட்டதென்று பாதி ஊர் தடியோடு ஓடி வந்தது. வந்தவர்களை டீச்சர் சும்மா விடவில்லை. தண்ணீர் இறைக்க வைத்துத்தான் அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, முகாமுக்குத் தானியம் கொடுத்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"இது முகாமா, சந்தையா?"

"முகாந்தாங்க சார். சந்தையா இருந்தா சாயங்காலமே கலைஞ்சிருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "ஆடு, குழந்தை எல்லாத்தையும் இன்னிக்கே அனுப்பிடுங்க. இல்லேன்னா முகாமை நிறுத்திடுவேன்."

டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அதுங்க போனா பொண்ணுங்களும் போயிடுவாங்க சார்."

அந்த நேரம் பார்த்து அடுப்பில் கேழ்வரகுக் கஞ்சி பொங்கியது. "ஒரு நிமிசம் சார்" என்று தன் இடுப்பிலிருந்த என் தம்பியை அதிகாரியின் மடியில் வைத்துவிட்டு டீச்சர் ஓடினார். தம்பி அவருடைய கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். எழுந்திருக்கப் பார்த்தார், அவன் சிணுங்கினான். உட்கார்ந்துவிட்டார். எங்கள் பந்தாட்டம், பாட்டு, சண்டை எல்லாவற்றையும் அங்கிருந்தபடியே பார்த்தார். டிரைவர் வந்து கூப்பிட்டபோது உதட்டில் விரலை வைத்து அடக்கினார். மத்தியானம் முழுக்க அந்தத் தோப்பில் சர்க்கார் ரகசியக் குரலில்தான் பேசியது.

தம்பி விழித்த பிறகு, "இப்படியே நடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஜீப் மறைந்ததும் டீச்சர் மரத்தின் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பயந்திருந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசி நாள் சாயங்காலம் என்னையும் தம்பியையும் தவிர எல்லாரும் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் தூளிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களை அழைத்துப்போக வந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் ஒரு தூளியை அவிழ்த்தபடி, "டீச்சரம்மா, எங்க வூட்ல களி கிண்டியிருக்குது. சாப்ட்டுட்டுப் போலாம், வாங்க" என்றார்.

டீச்சர் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். தம்பி வழக்கம்போல அவர் பக்கம் நகர்ந்து வந்தான். அவனை மெல்ல அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அன்று அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது.