ஆழ்மனத்துக்கு ஒரு தேசிக்காய்

ஆழ்மனத்தை நம் சொற்படி நடக்கவைக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று அடித்துச் சொல்வேன். என் ஆழ்மனம் நான் பழக்கியதை அப்படியே செய்தது. அதனால்தான் ஜெர்மனியின் எசன் நகரத்து நடுச்சந்தியில் என் மானம் போனது.

அப்போது நான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று வேலை தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, சாரதி அனுமதிப்பத்திரம். நானோ ஓட்டப் பரீட்சையில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவன். கார் ஓட்டத் தெரியும். பின் இருக்கையில் பரிசோதகர் ஏறியதும் கால் தந்தியடிக்கத் தொடங்கிவிடும். என் மனைவி சுமதி முதல் தடவையிலேயே சித்தியடைந்தவள். (அதை அவள் சொல்லிக்காட்டுவதே இல்லை, சாப்பாட்டு நேரம் தவிர.)

கைபேசிக் காணொளி ஒன்றில் ஒருவர் வழி சொன்னார். மனம் அமைதியாக இருக்கும் வேளையில் ஒரே வாசனையைத் தினமும் முகர வேண்டும். ஆழ்மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு பதறும்போது அந்த வாசனை போதும், அமைதி தானாக வந்துவிடுமாம்.

வாசனைக்குத் தேசிக்காயைத் தேர்ந்தெடுத்தேன் (தமிழ்நாட்டில் எலுமிச்சை என்பார்கள்). அமைதிக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்ததில், நான் முழு அமைதியாக இருப்பது சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாயும் மத்தியானத்தில் மட்டும்தான்.

"என்னப்பா, தேசிக்காயோட படுத்திருக்கிறியள்?"

"ஆழ்மனத்தைப் பழக்கிறன்."

"குறட்டையெல்லோ கேட்டது?"

"அது, கொஞ்சம் ஆழமாப் போயிட்டன்."

ஒரு மாதம் விடாமல் பழக்கினேன். எழும்பியதும் தேநீர் கேட்டு, "சுமதி, தேத்தண்ணி!" என்று குரல் கொடுப்பேன். அதையும் ஆழ்மனம் சேர்த்துப் படிக்கிறது என்று யார் கண்டார்?

பரீட்சை நாளன்று தேசிக்காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பக்கத்தில் ஓட்டப் பள்ளி ஆசிரியர், பின்னால் பரிசோதகர் அம்மையார். கால் வழக்கம்போல ஆடியது. ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது தோலை நகத்தால் கீறி முகர்ந்தேன். கால் நின்றது. தோள் தளர்ந்தது. அடடா, விஞ்ஞானம்! ஆசை யாரை விட்டது, இன்னொரு முறை நெஞ்சு நிறைய இழுத்தேன்.

அடுத்து என் காதில் விழுந்தது பின்னால் நின்ற பஸ்ஸின் ஹோன். விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது. திடுக்கிட்டதில் என் கால் வழுக்க, கார் முன்னே பாய, ஆசிரியர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். நான் பாதிக் கண்ணைத் திறந்து, அவருடைய தொடையில் தட்டி, "சுமதி, தேத்தண்ணி!" என்றேன்.

தாடி வைத்த அந்த ஆறடி ஜெர்மன்காரர் தன் தொடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பரிசோதகர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "இந்தக் காரில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், வாந்தி எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நித்திரை கொண்டவர் நீங்கள்தான் முதல்."

வேலை கைவிட்டுப் போயிற்று என்ற நினைப்பில் வீட்டு வாசலிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுதல் சொல்லத்தான் சுமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேத்தண்ணி கேட்ட இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சரிந்துவிட்டாள்.

"அடுத்த முறை பயந்துகொண்டே கார் ஓடுங்கோ," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "பயம் இருந்தாலாவது முழிச்சிருப்பியள்."

அப்படியே நடுங்கி நடுங்கி ஓட்டிச் சித்தியடைந்தேன். நல்லகாலம், நிறுவனம் அதுவரை பொறுத்திருந்தது.

பிறகு ஒரு பழைய கார் வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் தீபம் காட்டி, நான்கு சில்லுகளுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்து, "காரை எடுங்கோ" என்றார். சுமதி என் கையிலிருந்த கார்த் திறப்பை (சாவியை)ப் பறித்தாள்.

"ஐயோ ஐயா, இவரை விடாதேங்கோ. தேசிக்காய் மணந்தால் நித்திரை கொண்டிடுவார்!"

சுற்றி நின்றவர்கள் விடுவார்களா? முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் அவள் காரில் ஏறினாள். பொய் என்று மறுக்க நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவள் காரை எடுக்க, தேசிக்காய்கள் நசிந்து மணம் வந்தது. திறந்த வாயில் கொட்டாவிதான் வந்தது.

இன்றைக்கும் எந்த வீட்டு விசேஷத்திலும் எனக்குத் தேசிக்காய் ஊறுகாய் வைக்க வருபவர், கரண்டியைப் பிடித்தபடி முதலில் சுமதியிடம் கேட்கிறார்: "அக்கா, இண்டைக்குத் திரும்பிப் போகேக்க ஆர் கார் ஓடுறது?"