பதினெட்டு முழம் சொன்ன ஒரே ஒரு சொல்

எந்தக் கேள்விக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லாமலே பாதி ஆயுளைக் கழித்தவர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரைக் கொண்டுபோய்த் தொலைக்காட்சிப் பொது அறிவுப் போட்டியில் உட்கார வைத்த ஊரும் காஞ்சிபுரம்தான்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. அதில் புடவை விரித்துக் காட்டும் பெரிய மெத்தைக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருப்பார். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. மடிசார் புடவையின் நீளத்துக்குப் பேசுவார் என்பதால் எல்லோருக்கும் அவர் பதினெட்டு முழம். அடர்ந்த மீசை, தாராளமான தொந்தி. மாம்பழ நிறப் புடவையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஒரு திரும்பு திரும்பினால், புடவை வாங்க வந்த பெண்கள்தான் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். கடையின் மாடியில் எனக்கு ஓர் அறை. எழுதிய செய்திகளைக் கவரில் போட்டு மாலை பஸ்ஸில் சென்னைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு நாள் படியிறங்கும்போது அவரிடம், "முதலாளி இருக்காரா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்காருன்னு எப்படி சார் சொல்றது? காலையில வந்தாரு. வந்தவரு உக்காந்தாரா? உக்காரல. ஏன் உக்காரல? அதுக்கு நீங்க போன தைமாசத்துக்குப் போவணும்..."

நான் தை மாதத்துக்குப் போய்த் திரும்பியபோது பஸ் போயிருந்தது. முதலாளி உள்ளேதான் இருந்தார்.

வீட்டுக்கு வீடு கேபிள் டிவி நுழைந்த காலம் அது. ஒரு சேனலில் ஊருக்கு இரண்டு பேராக மோதும் பொது அறிவுப் போட்டி நடந்தது. முந்தைய ஆண்டு காஞ்சிபுரம் தோற்றிருந்தது. தோற்றதுகூடப் பரவாயில்லை, ஆரணியிடம் தோற்றிருந்தது. ஆரணியிலும் பட்டு நெய்கிறார்கள் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்டுகிறேன். எங்கள் கடையில் அந்த ஊர்ப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள். "மேற்கால ஒரு ஊரு" என்பார்கள். ஆரணி மட்டுமல்ல, மெத்தையில் உட்கார்ந்து வேறு எந்த ஊர்ப் பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது என்பது கடையில் எழுதாத சட்டம். வாடிக்கையாளர் இது எங்கே நெய்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், எல்லாம் நம் வீட்டுச் சொத்து என்ற பாவனையில் புடவையைத் தடவிக்கொண்டே பேச்சை நகர்த்த வேண்டும். அதில் பதினெட்டு முழத்தை மிஞ்ச ஆளில்லை.

மறு ஆண்டும் ஆரணியோடுதான் மோதல். எங்கள் தரப்பில் சின்னக் காஞ்சிபுரத்துச் சம்பத் வாத்தியார். சரித்திரம், பூகோளம், வானசாஸ்திரம் எல்லாம் விரல் நுனியில். கூட இன்னொரு வாத்தியார். எங்கள் கடை முதலாளி தன் வேனைக் கொடுத்தார்; செய்தி எழுத நானும் கிளம்பினேன். புறப்படும் நாள் காலையில், அந்த இன்னொரு வாத்தியாருக்கு அம்மை போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து ஆளைக் கூப்பிட முடியுமா? வேன் கதவருகே நின்றிருந்தார் பதினெட்டு முழம். போட்டியாளர்கள் போட்டுக்கொள்ள இரண்டு பட்டு அங்கவஸ்திரங்களைக் கொண்டுவந்தவர். ஒன்றுக்குத் தோள் இல்லாமல் போயிற்று. அவர் தோளிலேயே அதைப் போட்டு வண்டியில் ஏற்றினோம்.

கடையின் சின்ன முதலாளி முன்சீட்டிலிருந்து திரும்பினார். பி.காம். படித்துவிட்டு அப்போதுதான் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தவர்.

"ஏம்பா, ஏற்கெனவே ஒரு பில் போட ஒன்ன நம்பிக்கினு பாதி நாள் போவுது. அடுத்த மாசம் ஒன்ன குடோனுக்கு மாத்தி மடிக்கிற வேல குடுக்கலாம்னு இருக்கேன். அங்கயும் போய் வளவளன்னு பேசித் தோத்தன்னா, நாளைக்கே குடோன்தான்."

பதினெட்டு முழத்தின் முகம் சுருங்கியது. குடோனில் புடவை உண்டு. கேட்க ஆள் கிடையாது.

வாலாஜாபாத் வரும் வரையில் வாத்தியார் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

"ஓய், உலகத்திலேயே பெரிய சமுத்திரம் எது?"

"பெரிசுன்னா சாமி, அகலத்துல பெரிசா, ஆழத்துல பெரிசா? கேக்கறவங்க எதுக்குக் கேக்கறாங்கன்னு..."

"பசிபிக்! அவ்வளவுதான். பசிபிக்னு சொல்லிட்டு வாயை மூடிக்கணும்."

"மூடிட்டா மரியாதையா இருக்குமா சாமி?"

"சரி, சந்திரனே இல்லாத கிரகம்?"

"பாவம், அதுக்கு ஏன் இல்ல?"

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்தார். தண்டலத்தைத் தாண்டிய பிறகுதான் மறுபடி பேசினார். புதன், வெள்ளி என்று இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்.

சென்னை அரங்கில் விளக்கு வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. முதல் சுற்றில் ஜோடியில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம். வாத்தியார் பொரிந்து தள்ளினார். பதினெட்டு முழம் பக்கத்தில் உட்கார்ந்து, விசேஷ வீட்டுக்கு வந்தவர் போல எல்லோருக்கும் தலையாட்டினார். இரண்டாம் சுற்றுதான் வினை. ஆளுக்கொரு கேள்வியாக மாறி மாறி வரும். ஒருவர் கேள்விக்கு மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது.

"துணைக்கோள் இல்லாத கிரகம் எது?" என்று கேட்டார் நடத்துபவர். "வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி."

"வெள்ளி!" என்றார் பதினெட்டு முழம். ஒரே சொல். வாத்தியாருக்கு ஆனந்தக் கண்ணீர் வராத குறை.

நடத்துபவர் எல்லோரிடமும் செய்வதுபோல முகத்தைச் சுளித்து, தலையைச் சாய்த்து, "ம்ம்... உறுதியா சொல்றீங்களா?" என்றார்.

இருபது வருஷம் மெத்தையில் உட்கார்ந்த ஒருவர் முன்னால் செய்யக் கூடாத காரியம் அது. எதிரில் இருப்பவர் முகம் சுளித்தால் அடுத்த புடவையைப் பிரிப்பது அவர் ரத்தத்தில் ஊறியது.

"பிடிக்கலையா சார்?" என்று பதறினார். "பரவால்ல, அத ஓரமா வெச்சிடலாம். செவ்வாய் பாருங்க. நல்ல அரக்குக் கலரு. உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்."

அரங்கமே சிரித்தது. செவ்வாய்தான் அவர் பதில் என்று எழுதிக்கொண்டார்கள். வாத்தியார் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசையில் சின்ன முதலாளி விரலால் காற்றில் புடவை மடித்துக் காட்டினார்.

அடுத்து வாத்தியார் சரியாகச் சொன்னார். ஆரணிக்காரர்களும் ஒரு கேள்வியைக் கோட்டைவிட்டார்கள். இரண்டு ஊரும் சமமாக நின்றன. கடைசிக் கேள்வி எங்களுக்கு. தவறினால் அது ஆரணிக்குப் போகும். பதில் சொல்ல வேண்டியவர் பதினெட்டு முழம்.

"உங்க ஊர்க் கேள்வியே வந்திருக்கு," என்று சிரித்தார் நடத்துபவர். "காஞ்சிபுரம் பட்டுப் புடவைக்குப் பரம்பரையாக எந்த ஊரிலிருந்து சரிகை வருகிறது? காஞ்சிபுரம், காசி, சூரத், மைசூர்."

வாத்தியார் நிம்மதியாக மூச்சுவிட்டார். எனக்கு மூச்சு நின்றது. பதினெட்டு முழத்துக்குப் பதில் தெரியும். சரிகைப் பெட்டியைப் பிரிப்பவரே அவர்தான். ஆனால் வேறு ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுவும் சின்ன முதலாளி முன்னால், தமிழ்நாடே பார்க்கும் பெட்டியில். காஞ்சிபுரம் என்று சொன்னால் கடை மானம் பிழைக்கும், கோப்பை போகும். எப்படியும் குடோன்.

அவர் சின்ன முதலாளியைப் பார்த்தார். ஆரணிக்காரர்களைப் பார்த்தார். மடியில் கிடந்த அங்கவஸ்திரத்தின் சரிகையைக் கட்டைவிரலால் ஒரு தரம் தேய்த்தார்.

"சூரத்."

நடத்துபவர் அதே போல முகத்தைச் சுளித்தார். தலையைச் சாய்த்தார். "ம்ம்... உறுதியா?"

பதினெட்டு முழத்தின் கை அனிச்சையாக நீண்டது, அடுத்த புடவையை எடுப்பது போல. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். நீண்ட கை பாதியில் நின்றது. மெல்லத் திரும்பி வந்து மேஜைமேல் அமர்ந்தது.

"வேற கலர் இல்ல சார்," என்றார். "இது ஒண்ணுதான் இருக்குது."

எந்த வாடிக்கையாளரிடமும் அவர் சொல்லியிராத வாக்கியம் அது. மணி அடித்தது. காகிதப் பூக்கள் கொட்டின. சம்பத் வாத்தியார், ஆசாரம் அத்தனையும் மறந்து, அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். தொந்தி இடம் கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். கிளாஸைக் கையில் வாங்கியபின் சின்ன முதலாளி கேட்டார்: "ஏம்பா, சூரத்துன்னு ஊருக்கே சொல்லிட்டியே. மெத்தையில வேற ஊர் பேரு சொல்லக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சின்னய்யா. அதான் நாற்காலியில உக்காந்துக்கினு சொன்னேன்."

சின்ன முதலாளிக்கு டீ புரையேறியது. தலையில் தட்டிவிட்டது பதினெட்டு முழம்தான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை காந்தி ரோட்டில் பட்டாசு வெடித்தது. கடைக் கண்ணாடி அலமாரியில் பொம்மைகளை ஒதுக்கிவிட்டுக் கோப்பையை வைத்தார்கள். அடுத்த முகூர்த்தத்தில் வந்த கூட்டம் முழுவதும், "அந்த வேற கலர் இல்லைன்னாரே, அவரு எங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்தது. சரிகை சூரத்து என்று தெரிந்ததால் யாரும் எழுந்து போகவில்லை. "உண்மையச் சொல்ற மனுஷன்" என்று ஆளுக்கு ஒரு புடவை கூடுதலாகத்தான் எடுத்தார்கள். குடோன் பேச்சு என்னவாயிற்று என்று சின்ன முதலாளியைக் கேட்டேன்.

"அங்க எலி ஜாஸ்தி சார். இவரு அதுங்ககிட்டயும் பேச ஆரம்பிச்சா, வேற வேல நடக்காது," என்றார்.

ஒரு வாரம் கழித்து, செய்திக் கவரோடு படியிறங்கினேன். பதினெட்டு முழம் பழைய இடத்தில், மெத்தைக்கு நடுவில், மாம்பழ நிறப் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இருந்தும் கேட்டேன்.

"சூரத்துன்னு சொன்னீங்களே, அந்த நிமிஷம் பயமா இல்லையா?"

மடிப்பதை நிறுத்தினார். புடவையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயம்னு எப்படி சார் ஒரேயடியா சொல்லிட முடியும்? அதுக்கு நீங்க மொதல்ல..."

நான் கவரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெத்தையில் காலை மடித்து வசதியாக உட்கார்ந்தேன். அடுத்த பஸ் எப்படியும் வரும்.