கஸ்பாருக்குக் கொண்டை முளைத்த கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதை நடந்தது நடுக்கடலில், மரம் என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லாத ஒரு பாறைத் தீவில்.

அந்தத் தீவில் அமலி என்று ஒரு ஆலாப்பறவை இருந்தாள். ஆலா என்றால் கத்திரிக்கோல் வாலும் ஊசி அலகுமாய், பார்க்க ஒல்லியாய், சத்தம் மட்டும் ஊர் முழுக்கக் கேட்கிற கடற்பறவை. அமலிக்கு அது தலைப்பிரசவம். ஒரே ஒரு முட்டை. ஆலாக்களுக்குக் கூடு கட்டுகிற வழக்கமெல்லாம் கிடையாது. வெறும் பாறையில் ஒரு குழிவு பார்த்து முட்டையை வைத்து, மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். மேலே வெயில், கீழே அடுப்பாய்க் கொதிக்கிற கல். அதனால் அமலியும் அவள் வீட்டுக்காரன் தொம்மையும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் உட்கார்ந்திருக்க, மற்றவர் போய்க் கடலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காருவார். காய்ச்சல் பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி. கொஞ்ச நேரம் ஆளில்லாமல் கிடந்தாலும் முட்டை அவிந்துபோகும். அவியாவிட்டால் பிலோமியக்கா கொண்டுபோய்விடுவாள்.

பிலோமியக்கா ஒரு கடற்புறா. பெயர்தான் புறா. அடுத்தவள் முட்டையிலேயே உடம்பை வளர்த்தவள். ஆனால் பேச்சில் தேன் ஒழுகும்.

"ஏட்டி அமலி, எவ்வளவு நேரம்தான் இப்படியே இருப்ப? காலு மரத்துப்போயிருக்குமே. போயி நாலு மீனு தின்னுட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க பாத்துக்கிட்ட முட்டையெல்லாம் எங்க இருக்குன்னு தெரியும்க்கா. ஒங்க வயித்துக்குள்ள பத்திரமா இருக்கு."

"சின்ன வயசுல இவ்வளவு சந்தேகம் ஆகாது" என்று சலித்துக்கொண்டே பிலோமி அடுத்த பாறையில் போய்க் காத்திருப்பாள்.

ரொம்பக் காத்திருக்க வேண்டி வரவில்லை. ஒரு நாள் காலையில் படகில் மனிதர்கள் வந்து இறங்கினார்கள். மீன் பிடிக்கிறவர்கள் இல்லை, பறவை பார்க்கிறவர்கள். கழுத்தில் பைனாகுலர், தோளில் பீரங்கி மாதிரி கேமரா, சட்டை முழுக்கப் பாக்கெட். அவர்களுக்குத் தலைவர் நவநீதன் சார். எந்தப் பறவை என்ன செய்தாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லிவிடுவார். அந்தக் காரணம் அந்தப் பறவைக்கே புதிதாக இருக்கும்.

நல்ல மனிதர்கள்தான். குப்பை போடமாட்டார்கள், கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். ஆனால் அடைகாக்கிற ஆலாவைப் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டுப் பாறைமேல் ஏறினார்கள். ஆலாக்கள் பயந்து எழும்பின. அந்த இடைவெளியில் பிலோமி அமலியின் பக்கத்து வீட்டு முட்டையை முழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வானத்தைப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆலாக்கள் கூட்டம் போட்டன. ஒற்றுமையே பலம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதைச் சொல்ல ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். மறுநாள் படகு வந்ததும் எல்லா ஆலாக்களும் ஒன்றாய் எழும்பி, ஒன்றாய்ப் பாய்ந்து, தலையில் கொத்தி, கொத்த முடியாதவை மேலேயிருந்து எச்சத்தைப் பொழிந்தன.

நவநீதன் சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கண்ணாடியில் வழிந்ததைத் துடைக்காமலே, "அடடா, என்ன ஒரு தற்காப்பு. எல்லாரும் வீடியோ எடுங்கள்" என்றார். எடுத்தார்கள். ஊரெல்லாம் அனுப்பினார்கள். அடுத்த நாள் இன்னும் நிறையப் படகுகள் வந்தன. எல்லோர் கையிலும் குடை.

"பலம் கூடலைங்க, கூட்டம்தான் கூடுது" என்றாள் அமலி.

"அப்ப என்ன செய்ய? முட்டையத் தூக்கிக்கிட்டா ஓட முடியும்?" என்றான் தொம்மை.

அமலி படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பறவை பார்த்த நேரத்தில் அவள் அவர்களைப் பார்த்து வைத்திருந்தாள். "இவங்களுக்கு ஊருல இல்லாததா இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். நீங்க முட்டைமேல உக்காருங்க, நான் கஸ்பார் அண்ணாச்சிய ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

கஸ்பார் ஒரு நீர்க்காகம். தீவின் அந்தக் கோடியில் ஒற்றைப் பாறையில், முங்கி எழுந்த சிறகை நாளெல்லாம் விரித்துக் காயப்போட்டு நிற்பார். ஒரு கேமராகூட அவர் பக்கம் திரும்பியதில்லை. நவநீதன் சார் ஒருமுறை, "அது சாதா நீர்க்காகம், எங்கள் ஊர்க் குளத்திலேயே கிடக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க உயரத்துக்கும் நிறத்துக்கும் தலையில ஒரு கொண்டை இருந்தா எப்படி இருக்கும்" என்று அமலி ஆரம்பித்தாள்.

"என்ன வேலை ஆகணும், நேரா சொல்லு."

அமலி சொன்னாள். பாறை இடுக்கில் ஒரு பிய்ந்த வலை சிக்கிக் கிடந்தது. அதிலிருந்து மஞ்சள் நைலான் நாரைக் கொத்தாய் உருவி, மீன் பிசினைத் தடவிக் கஸ்பார் தலையில் ஒட்டிவிட்டாள். கஸ்பார் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் முதல் படகு பாதி வழியிலேயே நின்றது. நவநீதன் சார் கையை உயர்த்தினார். "யாரும் மூச்சு விடாதீர்கள். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத பறவை" என்றார். பிறகு தானே மூச்சு விட்டு, அதற்கு நவநீதக் கொண்டையான் என்று பெயரும் வைத்துவிட்டார். எல்லாப் படகும் அந்தக் கோடிக்குத் திரும்பின. அமலி பாறைப் பக்கம் ஒரு குடைகூட வரவில்லை.

கஸ்பாருக்கோ தலைக்குமேல் கொண்டை, கொண்டைக்குமேல் கனம். தண்ணீரில் முங்கினால் கொண்டை போய்விடும் என்று மீன் பிடிப்பதையே விட்டுவிட்டார். தொம்மைதான் பிடித்துக் கொடுத்தான்.

"சாளை வேண்டாம்டே, முள்ளு. போட்டோவுக்கு முகம் கோணுது."

தொம்மை வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்தான். "பொறக்கப்போற பிள்ளைக்கு முந்தி அண்ணாச்சிக்கு ஊட்டிக்கிட்டு இருக்கேன்."

"பழகிக்கிட்டா நல்லதுதான்" என்றாள் அமலி.

ஆலாக்கள் எழும்பாததால் பிலோமிக்கு முட்டை கிடைக்கவில்லை. இளைத்துப்போய் ஒருநாள் வந்து நின்றாள். இப்போது பேச்சில் தேன் இல்லை.

"ஒன் வேலைதானே அது? நாளைக்கு எல்லார் கண்ணு முன்னாலயும் அந்த நாரப் புடுங்குதேன். அப்புறம் படகெல்லாம் எங்க வரும்னு நெனைக்க?"

அமலி முட்டையோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். காலையிலிருந்து முட்டைக்குள்ளே குஞ்சு கீச்சுக் கீச்சென்று முனகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நாள் தாங்கினால் போதும். அந்த ஒரு நாளில் எழும்ப நேர்ந்தால் எல்லாம் போச்சு.

பிலோமி சொன்னபடியே செய்தாள். கேமராக்கள் எல்லாம் கஸ்பாரையே பார்த்திருக்கும்போது மேலேயிருந்து இறங்கி, கொண்டையைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனாள். பிசின் பிய்ந்தது. கஸ்பார் மொட்டைத் தலையோடு நின்றார்.

படகில் பின்னால் இருந்த ஒரு பெண், "சார், அது நைலான் நார் மாதிரி தெரியுதே" என்றாள்.

நவநீதன் சாரும் பார்த்திருந்தார். ஆனால் அவர் வைத்த பெயர் அதற்குள் ஊர், நாடு எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. பைனாகுலரை மெல்லத் துடைத்தார்.

"கொண்டை உதிர்கிற பருவம்மா இது. நான் எதிர்பார்த்ததுதான். அதை விடுங்கள், அங்கே பாருங்கள், தாடி வைத்த கடற்புறா."

பிலோமியின் அலகைச் சுற்றி நார் சிக்கிக்கொண்டு கீழே மஞ்சளாய்த் தொங்கியது. தேய்க்கத் தேய்க்க இறுகியது. கேமராக்கள் மொத்தமும் அவள் பக்கம் திரும்பின. அவள் பறந்தாள், படகுகள் துரத்தின. ஆலாக்களுக்கு நடுவே ஒளியப் பார்த்தாள், அவை கூடிக் கொத்தி விரட்டின. கடைசியில் ஆழ்கடல் பக்கம் ஓடினாள், படகுகளும் பின்னாலேயே போயின. அந்த நேரத்தில் அமலியின் முட்டை பொரிந்து, நனைந்த பஞ்சு மாதிரி ஒரு பிள்ளை வெளியே வந்தது.

பொழுது சாய்ந்து படகுகள் கரைக்குப் போனபின் பிலோமி வந்தாள். வாய் பாதிதான் திறந்தது.

"அமலி, இதக் கழட்டி விடுட்டி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"சின்ன மீனு உள்ள போகுதுல்லக்கா?"

"நெத்திலி மட்டும் போகுது."

"அது போதும். எம் பிள்ளை றெக்கை முளைச்சுப் பறக்கட்டும். மறுநாளே கழட்டி விடுதேன்."

"கழட்டினப்புறம் அந்த சாரு, தாடி எங்கன்னு கேட்டா என்னட்டி சொல்லுவ?"

"நாம எதுக்குக்கா சொல்லணும்? அவரே சொல்லிக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு, அமலி பிள்ளைக்கு மீன் ஊட்டத் திரும்பிக்கொண்டாள்.

நீதி: சொன்ன பொய்யை நாமே காப்பாற்ற வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஒருவரை அதற்குப் பெயர் வைக்க விட்டால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார், நாம் பிள்ளையைப் பார்க்கலாம்.