ஆறு கால் பூனையின் உரிமையாளர்

ஓவியன் ஆவது என்று முடிவு செய்தேன். வரையத் தெரியாதது ஒரு குறையாகவே எனக்குப் படவில்லை. அந்த வேலையை வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி செய்துகொண்டிருந்தாள்.

என் மனைவிக்கு அக்காவோடு போனில் பேசும்போது கை சும்மா இருக்காது. மின்கட்டண ரசீதின் பின்பக்கம் ஏதாவது கிறுக்குவாள். அன்று ஒரு பூனை. பேச்சு என்னைப் பற்றியது என்பதால் நீண்டுபோய், பூனைக்கு ஆறு கால் முளைத்துவிட்டது. அதைப் படம் பிடித்து, இணையத்தில் ஒரு தளத்தில் என்.எஃப்.டி.யாகப் பதிய விண்ணப்பித்து, ஓவியர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன்.

என்.எஃப்.டி. ஒன்றும் பெரிய விஷயமில்லை. படத்தை யார் வேண்டுமானாலும் நகல் எடுத்துக்கொள்ளலாம். அசல் யாருடையது என்ற பதிவு மட்டும் ஒன்றே ஒன்று. அது ஏறிவிட்டால் ஆண்டவனாலும் அழிக்க முடியாது. அலுவலகம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். மேலாளரே எழுந்து கைகொடுத்தார். இருபது வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. பதிவு ஏறியதும் காட்டச் சொன்னார்.

மறுநாள் தளத்திலிருந்து கடிதம். அதே பூனையை வரைகிற வீடியோ வேண்டுமாம். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை தெரிந்தால் போதுமாம். எனக்கு ஸ்கேல் வைத்தாலும் கோடு வளையும். மானம் போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

வேறு வழியில்லாமல் என் முழுக்கைச் சட்டையையும் கைக்கடிகாரத்தையும் மனைவியிடம் நீட்டினேன்.

"இதை எதுக்கு நான் போட்டுக்கணும்?"

"உன் போன் கேமராவுல கலர் சரியா விழுதான்னு பாக்கணும்."

"வளையல்?"

"கழட்டிடு."

"வளையல் கலர் விழ வேண்டாமா?"

"வேண்டாம். ஒரு பூனை வரை, போதும்."

"எத்தனை கால்?"

"ஆறு" என்றேன், வாய் தவறி.

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் வரைந்து முடித்தாள். வீடியோவை எனக்கு அனுப்பச் சொன்னதற்கு, முதலில் குளித்துவிட்டு வரச் சொன்னாள். நானும் போனேன்.

திரும்பி வந்து, அனுப்பியாச்சா என்று கேட்டேன்.

"ஆச்சு, தளத்துக்கே. என் பூனை அங்க உங்க பேர்ல நிக்கறதை அக்கா நேத்தே பாத்துட்டு போன் பண்ணிட்டா. நீங்க குளிக்கப் போனதும், முகமும் தெரியற மாதிரி இன்னொண்ணு எடுத்துச் சேத்து அனுப்பிச்சேன்."

மாலைக்குள் பதிவு ஏறிவிட்டது. ஓவியர் என்ற இடத்தில் அவள் பெயர். என்னையும் அவள் விட்டுவிடவில்லை. அதற்குக் கீழே, ஆண்டவனாலும் அழிக்க முடியாதபடி இருந்தது: "சட்டை உதவி: கணவர்."