அரையிறுதியில் நடந்த பெண் பார்ப்பு

கோப்பாய்,
திங்கட்கிழமை.

பேரன்புக்குரிய குணலட்சுமி அக்கா அறிய, தம்பி பஞ்சலிங்கம் எழுதிக்கொள்வது.

கனடாக் குளிரிலும் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கு நானும் மனைவி சிவகௌரியும் தோட்டத்து வெங்காயமும் சுகம். தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நீங்கள்தான் கதைப்பீர்கள். கடிதத்தில் நான் கதைக்கலாம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நல்லூர்க் கோயிலில் வைத்து, நீங்கள் பேசிய சண்டிலிப்பாய் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் மகள் தனுஷாவைக் காட்டுவதாக ஏற்பாடு. அவளுடைய பந்தாட்டத்தால் இந்தச் சம்பந்தம் குழம்பினால் அதோடு பந்தாட்டமும் முடிந்தது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவனும் நான்தான். அதே சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாழ்ப்பாணம் உள்ளரங்கில், தேசிய மகளிர் ஃபுட்சால் லீக்கின் அரையிறுதி. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆட்ட நேரம் நாற்பது நிமிடம். பத்தரைக்குள் முடித்து, பிள்ளையைக் குளிக்கவைத்து, சேலை உடுத்திக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் என்று நான் போட்ட கணக்கில் பிழையே இல்லை. பிழை பஞ்சாங்கத்தில்தான் இருந்தது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். எங்கள் பிள்ளை ராகுகாலத்தில் கோல் காக்கப் போகிறாளே என்று மனம் கேட்காமல், ஏழு தேங்காய் கொண்டுபோய் அரங்கின் வாசற்படியில் சிதறடித்தேன். வாசலோடு நிற்கும் என்றுதான் நினைத்தேன். கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஏழு தேங்காயின் தண்ணீரும் அந்தப் பளபளத்த பலகைத் தரையில் ஓட, ஒரு பாதி உருண்டுபோய், காலி ஊரிலிருந்து வந்த எதிரணியின் கோலுக்குள் விழுந்தது. அன்றைய முதலாவது கோல் என்னுடையதுதான் அக்கா.

மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டார். எங்கள் பயிற்றுநர் பெர்னடெட், குருநகர்ப் பிள்ளை, துடைப்பத்தை என் கையில் தந்து, “ஐயா, சாமியைக் கும்பிட்டது காணும். இனி நிலத்தைத் துடையுங்கோ” என்றாள். துடைத்தேன். காலிப் பிள்ளைகள் தேங்காய்ச் சொட்டுகளைப் பொறுக்கித் தின்றபடி எனக்கு இடம் காட்டினார்கள். நல்ல பிள்ளைகள். தரை காய்ந்து ஆட்டம் தொடங்கும்போது நேரம் சரியாகப் பத்தரை. ராகுகாலம் போய்விட்டது என்ற சந்தோசத்தில் எனக்குப் பதினொரு மணி மறந்தே போய்விட்டது.

பதினொன்று ஐந்துக்கு மாப்பிள்ளையின் தாய் பராசக்தி தொலைபேசி எடுத்தா. “நாங்கள் கோயிலிலை நிக்கிறம். நீங்கள் எங்கை நிக்கிறியள்?” “இந்தா, கிட்ட வந்திட்டம்” என்றேன். பதினொன்றேகாலுக்கும் கிட்ட வந்துவிட்டோம். மூன்றாம் முறை எடுத்த நேரம் நாங்கள் இரண்டாவது கோலை அடித்து இரண்டுக்கு இரண்டு ஆக்கியிருந்தோம். “உதென்ன சத்தம்?” என்று கேட்டா. வாயில் வந்ததைச் சொன்னேன்: “கோயில் திருவிழா.” “கோயிலிலை நாங்களெல்லே நிக்கிறம்” என்றா.

விசாரித்துக்கொண்டு அரங்குக்கே வந்துவிட்டார்கள் அக்கா. பட்டுச்சேலையோடு தாய், வேட்டியோடு மாப்பிள்ளை லக்ஷன். பிள்ளை சத்தமாய்க் கதைக்கமாட்டாள் என்று நீங்கள் சொல்லிவைத்தீர்கள் அல்லவா? அவர்கள் உள்ளே கால் வைத்த நேரம் தனுஷா முழங்காலில் கட்டோடு நின்று, “கிறிஸ்ரினா, அவளைப் பிடியடி, உனக்குக் கண் தெரியேல்லையோ?” என்று கத்தியது கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. நான் பராசக்தியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லை.

சமநிலையில் முடிந்து பெனல்டிக்குப் போனது. கடைசி உதையைத் தடுத்தால் எங்களுக்கு வெற்றி, கொழும்பில் இறுதியாட்டம். காலிப் பிள்ளை உதைத்தாள். தனுஷா பாய்ந்தாள். கையில் படவேண்டிய பந்து மூக்கில் பட்டு வெளியே போனது. பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடு அரங்கில் நிற்கிறேன். மூக்கால் இரத்தம் வடிய என் பிள்ளை சிரித்துக்கொண்டு, “அப்பா, பிடிச்சிட்டன்” என்கிறாள். எட்டு வயதுக்குப் பிறகு அவளை நான் கட்டிப்பிடித்ததில்லை. அன்று பிடித்தேன், அழுதேன், என்னை ஒருவரும் தடுக்கவில்லை. அப்படியொரு சந்தோசம் என் ஆயுளில் வந்ததில்லை அக்கா.

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் இல்லை. ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்கள். குழப்பியவன் நான், ஒத்துக்கொள்கிறேன். கொடுத்த வாக்கையும் காப்பாற்றுகிறேன். தனுஷா கொழும்புக்குப் போகமாட்டாள். கையுறைகளை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் கவலைப்படாமல் மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள். அத்தானுக்கு என் வணக்கம். மருமக்களுக்குச் சகல நலனும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி,
பஞ்சலிங்கம்.

பி.கு.: அலுமாரிக்குப் பூட்டே இல்லை. கையுறைகளைச் சிவகௌரி தோய்த்துக் கொடியில் காயப்போட்டிருக்கிறாள். கொழும்புக்குப் போவதற்குப் பெற்றோர் போடவேண்டிய கையெழுத்தை நான் அரங்கில் நின்றபடியே போட்டுவிட்டேன். பெர்னடெட் கேட்டது ஒன்று, போட்டது இரண்டு. அடுத்த வருடத்துக்கும் சேர்த்து. உங்களுக்குப் பயந்துதான் மேலே மாற்றி எழுதினேன். பராசக்தியும் காலையில் கதைத்தா. கோபமில்லையாம், வாகனத்தைக் கோயில் வாசலில் வழியை மறித்து விட்டுவிட்டு ஓட்டோவில் வந்ததால்தான், அதை எடுக்க ஓடினார்களாம். “பிள்ளைக்கு மூக்கு எப்பிடி? எங்களுக்குச் சம்மதம்” என்றா. தனுஷாவிடம் சொன்னேன். “அவை என்னைப் பார்த்திட்டினம். நான் இன்னும் பெடியனைப் பார்க்கேல்லை” என்கிறாள். கொழும்புக்கு வந்து முன்வரிசையில் இருக்கட்டுமாம், ஆட்டம் முடிய, நேரமிருந்தால் பார்ப்பாளாம்.