எதிர்க்கப் போய்ப் பொன்னாடை போர்த்திய கதை

மைக்கைக் கையில் கொடுத்தால் சிலருக்குக் கால் நடுங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு நன்றியுணர்ச்சி பொங்கும். கிள்ளான் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, பிரியாவிடை விருந்து என்று எல்லாவற்றுக்கும் அறிவிப்பாளனாக நின்று பழகிய வாய் இது. யாரைப் பார்த்தாலும் "வருக வருக" என்றுதான் திறக்கும். (மாமியார் வந்தபோதும் அப்படித்தான் திறந்தது. தீபாவளி முடிந்துதான் கிளம்பினார்.)

எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், கடைசி வீடு என்னுடையது. அதன் பக்கச் சுவரை ஒட்டிய காலி நிலத்தில் பிக்கல்பால் ஆடுகளம் வரப்போவதாக ஒருநாள் பலகை முளைத்தது. பிக்கல்பால் என்றால் வேறொன்றுமில்லை, கட்டை மட்டையால் பிளாஸ்டிக் பந்தை விடிந்ததிலிருந்து 'டொக், டொக்' என்று அடிப்பது. நானோ துறைமுகத்தில் இரவு வேலை பார்க்கிறவன். ஊர் எழும்போதுதான் படுப்பேன். என் படுக்கையறை ஜன்னலுக்கும் அந்த நிலத்துக்கும் நடுவில் காவலுக்கு நிற்பது ஒரே ஒரு வாழை மரம்.

மக்கள் கருத்தைக் கேட்க மண்டபத்தில் கூட்டம் என்று நகராண்மைக் கழகம் அறிவித்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பெருமாள் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, நீதான் பேசணும். நான் மைக்கைப் புடிச்சா ஹலோவுக்கு மேல வராதுலா."

"எங்கிட்ட விட்டுடுங்கண்ணே. கிழிச்சுத் தொங்கப் போட்டுர்றேன்!"

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி விமலா நிமிராமலே கேட்டாள். "யாரைங்க?"

நான் எழுந்து உள்ளே போனேன். குளியலறைக் கண்ணாடிமுன் நின்று மலாயில் முழங்கிப் பார்த்தேன். சத்தம், தூக்கம், கார் நிறுத்த இடமின்மை. கண்ணாடி பயந்தது. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. அதிகாரி இளைஞர். பல தாமான்களில் வாங்கிக்கட்டிக்கொண்ட களைப்பு முகத்தில் தெரிந்தது. இன்றைய பங்கையும் வாங்கிக்கொள்ளத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெருமாள் அண்ணன் மைக்கை என் கையில் திணித்தார். மைக் 'ஊய்ங்' என்றது.

அந்த 'ஊய்ங்'தான் என் குடியைக் கெடுத்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. முகத்தில் கல்யாண மண்டபச் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

"ஞாயிற்றுக்கிழமையிலும் குடும்பத்தைப் பிரிந்து எங்களை நாடி வந்திருக்கும் துவான் அவர்களை இருகரம் கூப்பி வரவேற்கிறோம்!" என்று மலாயில் கணீரென்று ஆரம்பித்தேன். (துவான் என்றால் ஐயா.)

அதிகாரி கட்டிய கையை அவிழ்த்தார். அவரை இதுவரை யாரும் வரவேற்றதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்தது. எதிரே ஒரு முகம் மலர்ந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எங்கள் நலனுக்காக அவர் சிந்தும் வியர்வை, இளைஞர்மேல் அவர் கொண்ட அக்கறை என்று கொட்டினேன். உள்ளே ஒருவன் "எதிர்ப்புடா, மடையா, எதிர்ப்பு!" என்று அலறிக்கொண்டிருந்தான். வாய் அவன் பேச்சைக் கேட்கவில்லை. "பலத்த கரவொலி எழுப்புவோம்!" என்றது.

தட்டினார்கள். அத்தனை பேரும் எதிர்க்க வந்தவர்கள்தான்! என்ன செய்வது, நான் சொன்னால் தட்டிப் பழகிய கைகள்.

அடுத்து எழுந்தவர் கோயில் பொருளாளர் மகேஸ்வரி அக்கா. காரின் பின்பெட்டியில் பொன்னாடை இல்லாமல் பாசாரில் காய்கறி வாங்கக்கூடப் போகாதவர். பொன்னாடைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, வேணாம்கா, இது வேற கூட்டம்..."

"இருக்கட்டும் தம்பி. வந்தவரை வெறுந்தோளோடவா அனுப்புறது? நாளைக்கு நம்ம மானம்தான் போகும்."

போர்த்தினேன். நாலாபக்கமும் போன்கள் படம் எடுத்தன. அப்போதுதான் எனக்குத் தூக்கம் ஞாபகம் வந்தது. "துவான், ஆனால் ஒரு சின்ன விஷயம்..." என்று தொடங்குவதற்குள் அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். தோளில் கிடந்த பொன்னாடையை ஒருமுறை தடவிப் பார்த்தார். எந்தத் தாமானிலும் ஒரு திட்டத்துக்கு இப்படியொரு ஆதரவைக் கண்டதில்லை, இதை அப்படியே மேலிடத்தில் சொல்வேன் என்றார். மறுபடியும் கைத்தட்டல். பின்னாலேயே மீகூன் கோரிங், அதாவது வறுத்த அரிசிச் சேமியா, வந்தது. மீகூன் வந்த பிறகு யார் எதிர்ப்பார்கள்?

பெருமாள் அண்ணன் தட்டோடு என்னருகே வந்தார். "என்னமோ கிழிச்சுத் தொங்கப் போடுறேன்னியே தம்பி?"

"தொங்குதே அண்ணே," என்றேன், அதிகாரியின் தோளைக் காட்டி.

ஆடுகளம் வந்துவிட்டது. திறப்பு விழாவுக்கு அறிவிப்பாளர் யார் என்று கேட்காதீர்கள். வாழை மரம் இன்னும் நிற்கிறது, அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒருநாள் வேலை முடிந்து வந்து படுத்தேன். 'டொக், டொக்.' பொறுக்க முடியாமல் ஜன்னலைத் திறந்தேன். அங்கே இருந்தவர்களிலேயே ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது விமலா.

"ஏங்க, இன்னும் தூங்கலையா?"

"இந்தச் சத்தத்துல எப்படிடி தூங்குறது?"

"புகார் பண்ணுங்களேன்," என்றாள், அடுத்த பந்தைப் போட்டுக்கொண்டே. "மைக் வேணுமா?"

இன்றுவரை எங்கள் வீட்டில் இது ஓயவில்லை. போன வாரம் சாப்பாட்டுக் கடையில் தோசை வர நேரமாகிவிட்டது. முதலாளியைக் கேட்டுவிடலாம் என்று கோபமாக எழுந்தேன். என் மகள் சட்டென்று கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, உக்காருங்க. கார்ல பொன்னாடை இல்ல."